பின்னுதைப்பை வேலை வாங்கும் கைத்துப்பாக்கி

உங்களில் பலர் செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது அது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய மதில்களை வியப்போடு பார்த்திருப்பீர்கள். மராத்தியரின் போர்க் கோட்டைகள் என்ற வரிசையில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஜூலையில் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

சுமார் 240 மீட்டர் உயரமுள்ள ராஜகிரியின் உச்சியில் ஒரு பெரிய பீரங்கி உண்டு. அதன் பின்புறத்தில் 7560 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. இதை அதன் எடை என்றும், அது பவுண்டுக் கணக்கில் உள்ளது என்றும் கொண்டால், பீரங்கி ஏறத்தாழ 3,430 கிலோகிராம் கனமாகிறது! ஒரு குண்டை எறிய இவ்வளவு உலோகம் எதற்கு? மறுபுறம், காவல்துறை அதிகாரியின் இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கி ஒரு கிலோகிராம்கூட இல்லை. அது மட்டும் எப்படிச் சமாளிக்கிறது?

இன்னும் விந்தையான செய்தி ஒன்று உண்டு. தானே அடுத்த தோட்டாவை நிரப்பிக்கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்றை ஒருவர் சுடும்போது, நூறு தோட்டாக்களும் தடையில்லாமல் வெடிக்கின்றன. அதே துப்பாக்கியை, அதே தோட்டாக்களுடன் இன்னொருவர் சுட்டால், இடையிடையே சிக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. துப்பாக்கியில் பழுதே இல்லை. பின் ஏன் இப்படி? உங்கள் பாடநூலில் உள்ள உந்த அழிவின்மை விதியைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

சங்கிலியின் கண்ணிகள்

முதலில் நம்பகம் என்பதைப் பார்ப்போம். டிரிக்கரை இழுத்ததும் துப்பாக்கி வெடிக்குமா, வெடிக்காதா? படைவீரனுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

1690 முதல் 1698 வரை மொகலாயப் படைகள் செஞ்சியை முற்றுகையிட்டன. உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். அந்தக் காலத்தில் பெரிதும் வழங்கியது திரித்துப்பாக்கி. குழலின் வாய் வழியே மருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் கொஞ்சம் மருந்து தூவ வேண்டும். கனன்றுகொண்டிருக்கும் திரி அந்தக் கிண்ணத்தைத் தொட வேண்டும். அங்கு பற்றிய தீ ஒரு சிறு துளை வழியே உள்ளே போக வேண்டும். திரி அணைந்தாலும் தோல்வி. காற்று கிண்ணத்து மருந்தை ஊதிவிட்டாலும் தோல்வி. துளை அடைபட்டாலும் தோல்வி. மழை வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். 1757ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் பிளாசியில் நடந்த போரின் நடுவே மழை கொட்டியது. ஆங்கிலேயர் தங்கள் வெடிமருந்தைத் தார்ப்பாய் போட்டு மூடிக் காத்துக்கொண்டார்கள். நவாபின் படையினரது மருந்து நனைந்துபோயிற்று. அந்தப் போரின் முடிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு கருவி வேலை செய்ய ஐந்து படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு படியும் 100க்கு 99 முறை சரியாக நடக்கிறது. ஒரு படியின் தவறு மற்றொன்றைச் சார்ந்தது அல்ல என்றும் கொள்வோம். மொத்த வெற்றி 99 விழுக்காடு அன்று! 0.99ஐ ஐந்து முறை பெருக்குங்கள். 0.951 கிடைக்கும். அதாவது 100 முறையில் ஏறத்தாழ ஐந்து முறை தோல்வி. படிகள் பெருகப் பெருக நம்பகம் குறையும். இதை நினைவில் வையுங்கள்.

நனையும் மருந்துக்கு மாற்று 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. தட்டினால் வெடிக்கும் வேதிப் பொருளைக் கொண்டு துப்பாக்கி மருந்தைப் பற்ற வைக்கும் முறைக்கு, ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். தீபாவளிக்குக் கல்லால் தட்டி வெடிக்கிறீர்களே, அந்தப் பொட்டு வெடியின் தத்துவம்தான் இது. பின்னர் குண்டு, மருந்து, தட்டினால் வெடிக்கும் பொட்டு ஆகிய மூன்றையும் ஒரே பித்தளை உறைக்குள் அடைத்துத் தோட்டா செய்தார்கள். மழையும் காற்றும் தோற்றன.

உந்தம் தரும் உதை

இனி உதைப்புக்கு வருவோம். வெடிப்பதற்கு முன் துப்பாக்கியும் குண்டும் அசையாமல் இருக்கின்றன. மொத்த உந்தம் சுழி. குண்டு முன்னே பாயும்போதும் மொத்த உந்தம் சுழியாகவே இருக்க வேண்டும். ஆகவே துப்பாக்கி பின்னோக்கி அதே அளவு உந்தம் பெறுகிறது.

3,400 கிலோகிராம் பீரங்கி ஒன்று 10 கிலோகிராம் குண்டை விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் எறிவதாகக் கொள்வோம். குண்டின் உந்தம் 10 × 400 = 4,000 கி.கி. மீ/வி. இதை 3,400ஆல் வகுத்தால், பீரங்கி விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகரும். நாம் நிதானமாக நடக்கும் வேகம்தான். பீரங்கி இலேசாக இருந்தால் இந்த வேகம் அதற்கேற்பக் கூடிவிடும். பின்னால் நிற்பவன் கதி என்னாகும்? அவ்வளவு கனம் எதற்கு என்பது இப்போது புரிகிறதல்லவா? வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் தடித்த சுவர் வேண்டும் என்பது ஒரு காரணம். உதைப்பை அடக்குவது மற்றொரு காரணம்.

கைத்துப்பாக்கிக்கு வருவோம். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டு சுமார் 7.5 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். உந்தம் 0.0075 × 350 = 2.6 கி.கி. மீ/வி. துப்பாக்கியின் நிறை 0.9 கிலோகிராம் என்றால், அது விநாடிக்கு 2.9 மீட்டர் வேகத்தில் கையை உதைக்கிறது. (புகை வாயுவின் உந்தத்தை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.)

உந்தம் இரண்டுக்கும் சமம். ஆற்றலோ சமம் அல்ல. குண்டின் இயக்க ஆற்றல் சுமார் 460 ஜூல். துப்பாக்கி பெறுவது 4 ஜூலுக்கும் குறைவு. துப்பாக்கியின் நிறை குண்டின் நிறையைப்போல் 120 மடங்கு. எனவே அதன் ஆற்றல் 120இல் ஒரு பங்கு. சுடுபவர் காயமின்றித் தப்புவது இதனால்தான்.

உதைப்புக்கு ஒரு வேலை

நெடுங்காலம் இந்த உதைப்பு ஒரு தொல்லையாகவே கருதப்பட்டது. பீரங்கி பின்னால் உருண்டது. தோள் துப்பாக்கி தோளை இடித்தது. 'இதையே வேலை வாங்கினால் என்ன?' என்று எண்ணி, 1884 வாக்கில் தானே இயங்கும் இயந்திரத் துப்பாக்கியைச் செய்து காட்டியவர் ஹைரம் மாக்சிம். அதே தத்துவத்தைக் கையடக்கமான துப்பாக்கியில் வெகு செம்மையாகப் புகுத்தியவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங்.

பிரௌனிங் வகைத் துப்பாக்கியில் கையில் பிடிக்கும் சட்டகம் ஒன்று. அதன்மேல் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் கனமான மேலுறை ஒன்று. இதற்கு ஸ்லைடு என்று பெயர். ஸ்லைடின் உள்ளே குழல். கீழே, குழலுக்கு இணையாக ஒரு சுருள்வில். கைப்பிடிக்குள் தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி. இந்தப் பெட்டியை மேகசின் என்பார்கள். 'கிடங்கு' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கோட்டையின் வெடிமருந்துக் கிடங்குக்கும், நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் சஞ்சிகைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்!

வெடித்தவுடன் ஸ்லைடும் குழலும் ஒன்றோடொன்று பூட்டியபடியே பின்னோக்கி நகரத் தொடங்குகின்றன. ஏன் பூட்ட வேண்டும்? குண்டு குழலுக்குள் இருக்கும்வரை அங்கே வாயுவின் அழுத்தம் மிக அதிகம். அப்போது பின்பக்கம் திறந்துவிட்டால் ஆபத்து. குண்டு வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு தூரம்? பொருண்மை மையம் அசையாது என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். குழலின் நீளம் 118 மி.மீ. என்றும், ஸ்லைடும் குழலும் சேர்ந்து 450 கிராம் என்றும் கொள்வோம். 118 × 7.5 ÷ 450 = 2 மி.மீ. குண்டு குழல் முழுவதையும் கடப்பதற்குள் ஸ்லைடு வெறும் இரண்டு மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும்! ஆகவே சில மில்லிமீட்டர் தூரம் சேர்ந்து ஓடிய பிறகு குழலின் பின்முனை கீழே சாயும்படி அமைத்தார் பிரௌனிங். பூட்டு விடுபடுகிறது, குழல் நின்றுவிடுகிறது, ஸ்லைடு மட்டும் தன் நிலைமத்தால் தொடர்ந்து ஓடுகிறது.

ஓடும்போது அது வரிசையாக நான்கு வேலைகள் செய்கிறது. வெடித்த தோட்டாவின் வெற்று உறையைக் கொக்கியால் இழுக்கிறது, அதை வெளியே தள்ளுகிறது, சுத்தியலைப் பின்னுக்கு மடக்கி வைக்கிறது, சுருள்வில்லை அமுக்குகிறது. பிறகு அமுங்கிய வில் ஸ்லைடை முன்னே தள்ள, அது போகிற போக்கில் மேகசினிலிருந்து ஒரு புதுத் தோட்டாவைக் குழலுக்குள் செலுத்திப் பூட்டிக்கொள்கிறது. இத்தனையும் ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் முடிகின்றன.

படிகள் பெருகினால் நம்பகம் குறையும் என்றோமே, இங்கே எத்தனை படிகள் பாருங்கள்! ஆகவே ஒவ்வொரு படியும் கிட்டத்தட்டத் தவறே இல்லாததாக இருந்தாக வேண்டும். 1911ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க இராணுவம் பிரௌனிங்கின் துப்பாக்கியைச் சோதித்தது. சூடேறியபோது தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, மேலும் மேலும் சுட்டார்கள். 6,000 தோட்டாக்களில் ஒரு முறைகூடச் சிக்கவில்லை. போட்டிக்கு வந்த மற்றொரு துப்பாக்கி 37 முறை தவறியது. ஆயிரத்தில் ஒருமுறை தவறும் துப்பாக்கியாக இருந்தால், 6,000 தோட்டாக்களும் தவறாமல் போக வாய்ப்பு 400இல் ஒன்றுதான். (0.999ஐ 6,000 முறை பெருக்கிப் பாருங்கள்.) ஆகவே அந்தச் சோதனை தற்செயல் வெற்றி அன்று எனத் துணிந்து சொல்லலாம்.

பிரௌனிங் 1926இல் பெல்ஜியத்தில் காலமானார். அவர் தொடங்கி வைத்த மற்றொரு 9 மி.மீ. துப்பாக்கியை டியுடோனே சேவ் என்பவர் முடித்து, 1935இல் வெளிவரச் செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் அது பெருமளவில் உற்பத்தியாயிற்று. மேற்கு வங்கத்தின் இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, நம் படையினரும் காவலரும் பயன்படுத்திய 9 மி.மீ. கைத்துப்பாக்கி இதன் வழிவந்ததே.

தளர்ந்த கையில் ஏன் சிக்குகிறது?

இப்போது நம் புதிருக்கு விடை காண்போம். ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கூடுதான் ஸ்லைடு, உள்ளே இருக்கும் தட்டு சட்டகம். உள்தட்டின் ஒரு முனையைச் சற்று வெளியே இழுத்து, இடது கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கை விரலால் வெளிக்கூட்டைத் தட்டினால் அது நன்றாக வழுக்கி ஓடும். இப்போது பெட்டியை வழவழப்பான மேசையில் சும்மா வைத்துவிட்டு அதேபோல் தட்டுங்கள். பெட்டி முழுவதுமே நகர்கிறது. வெளிக்கூடு தட்டின்மேல் கொஞ்ச தூரம்தான் ஓடுகிறது.

துப்பாக்கியிலும் இதுவே நடக்கிறது. ஸ்லைடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது முக்கியம் அன்று. சட்டகத்தைச் சார்ந்து எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் முக்கியம். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சட்டகமும் ஸ்லைடின் கூடவே பின்னே போகிறது.

எண்களால் பார்ப்போமா? 2.6 கி.கி. மீ/வி. உந்தம் 450 கிராம் உள்ள ஸ்லைடு, குழல் இரண்டுக்கும் முதலில் போய்ச் சேர்கிறது. வேகம் விநாடிக்கு 5.8 மீட்டர், ஆற்றல் சுமார் 7.6 ஜூல். சட்டகம் அசையாமல் இருந்தால் இந்த ஆற்றலைக் கொண்டு மேற்சொன்ன வேலைகளைச் செய்யலாம். சட்டகம், கையே இல்லாததுபோல் முழுவதும் தளர்வாக இருந்தால் என்ன ஆகும்? துப்பாக்கி முழுவதும் விநாடிக்கு 2.9 மீட்டர் வேகத்தில் பின்னே போகும். அதற்குச் சுமார் 3.8 ஜூல் போய்விடுகிறது என்று முன்பே கண்டோம். மிச்சம் பாதிதான்! சுருள்வில் முழுவதும் அமுங்குவதில்லை. ஸ்லைடு பாதி வழியில் திரும்பிவிடுகிறது. வெளியேற வேண்டிய வெற்று உறை, மூடும் ஸ்லைடில் அகப்பட்டு, அடுப்புப் புகைக்குழாய் போல நட்டுக்கொண்டு நிற்கும். அல்லது புதுத் தோட்டா பாதி நுழைந்து நின்றுவிடும்.

உண்மையில் எந்தக் கையும் முழுவதும் தளர்ந்ததும் அன்று, மலைப்பாறைபோல் அசையாததும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்டதுதான். நல்ல துப்பாக்கியில் ஆற்றல் சற்று மிகையாகவே இருக்கும்படி அமைத்திருப்பார்கள். ஆனால் எண்ணெய் காய்ந்து உராய்வு கூடியிருக்கும்போது, அல்லது தோட்டாவில் மருந்து சற்றுக் குறைந்திருக்கும்போது, தளர்ந்த மணிக்கட்டு அந்த மிகையைத் தின்றுவிடும். ஆகவே கருவி, தோட்டா, சுடுபவரின் கை ஆகிய மூன்றும் சேர்ந்தே ஓர் இயந்திரம். கையை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் சோதிப்பது அரைச் சோதனைதான்.

குறி தவறுவது ஏன்?

சுடும் முறைகள் என்று பயிற்சியாளர்கள் கற்றுத்தருபவை யாவும் இயற்பியலே. 'உயரப் பிடி' என்பார்கள். கனமான பீரோவை மேல்பக்கத்தில் தள்ளினால் சாய்கிறது. கீழே தள்ளினால் நகர்கிறது. உதைப்பு குழலின் அச்சு வழியே வருகிறது. கையோ அதற்குக் கீழே இருக்கிறது. இந்த இடைவெளியே துப்பாக்கியின் முனையை மேலே எழுப்பும் திருப்புத்திறனுக்குக் காரணம். கை எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவுக்குத் திருப்புத்திறன் குறையும்.

'டிரிக்கரை வெடுக்கென்று இழுக்காதே. மெல்ல அழுத்து' என்பார்கள். 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் டிரிக்கர் குறைந்தது 1,000 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அதாவது, டிரிக்கரில் நாம் தரும் விசை ஏறத்தாழத் துப்பாக்கியின் எடைக்கே சமம். அது நேர் பின்னோக்கி இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தால் குறியும் சாயும்.

எவ்வளவு சாயும்? முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 160 மி.மீ. தூரம் என்று வைப்போம். முன்குறி வெறும் 1 மி.மீ. விலகினால், ஒத்த முக்கோண விதிப்படி, 25 மீட்டர் தொலைவில் குண்டு 156 மி.மீ. விலகி விழும்! அப்போட்டியின் துல்லியச் சுற்றில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 50 மி.மீ.தான். அதற்குள் விழ வேண்டுமானால் பிழை 0.16 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். கண்ணின் வில்லை அருகிலுள்ள குறியையும் தொலைவிலுள்ள இலக்கையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காட்டாது. ஆகவேதான் வீரர்கள் முன்குறியைத் தெளிவாகப் பார்த்து, இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

வெடிமருந்தே இல்லாத காற்றுத் துப்பாக்கிக்கும் நம்பகம் வேண்டும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீட்டர் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கியில் பழுது ஏற்பட்டது. விலைமதிப்புள்ள நிமிடங்கள் வீணாயின. 12ஆம் இடமே கிடைத்தது. இறுதிச் சுற்று கைநழுவிப் போயிற்று. அவரே 2024இல் பாரீசில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். கலப்பு இரட்டையரில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து இன்னொரு வெண்கலமும் பெற்றார்.

ஓர் எச்சரிக்கை. துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி அதை வைத்திருப்பது குற்றம். சுடக் கற்க விரும்பினால், அங்கீகாரம் பெற்ற துப்பாக்கிச் சங்கத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே கற்க வேண்டும். அங்கே சொல்லித்தரும் முதல் பாடம் இது: துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று தெரிந்தாலும், இருப்பதாகவே எண்ணி நட, அதை மனிதர் பக்கம் ஒருபோதும் திருப்பாதே.

கணக்கிட்டுப் பாருங்கள்

25 மீட்டர் போட்டித் துப்பாக்கி ஒன்றின் நிறை 1.2 கிலோகிராம். குண்டின் நிறை 2.6 கிராம், வேகம் விநாடிக்கு 300 மீட்டர். (1) துப்பாக்கி பின்னோக்கிப் பெறும் வேகம் என்ன? (2) குண்டின் ஆற்றல், துப்பாக்கியின் ஆற்றலைப்போல் எத்தனை மடங்கு? (3) இவ்வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் குழலையும் ஸ்லைடையும் பூட்டி வைக்கும் ஏற்பாடு கிடையாது. ஏன்?

விடைகள்: (1) விநாடிக்கு 0.65 மீட்டர். (2) சுமார் 460 மடங்கு. நிறைகளின் விகிதமும் அதுவே. (3) குண்டின் உந்தம் 0.78 கி.கி. மீ/வி. மட்டுமே, 9 மி.மீ. தோட்டாவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே குண்டு வெளியேறும்வரை ஸ்லைடின் நிலைமமும் சுருள்வில்லுமே அதைப் போதிய அளவு தடுத்து நிறுத்திவிடுகின்றன.